பாட்டும் பகையும்

சங்கீதம் மனிதர்களை ஒன்றுசேர்க்கும் என்று மேடைகளில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்; ஆனால் அதே சங்கீதத்தை வேலியாக நட்டு, வேலிக்கு இந்தப்புறம் நிற்பவன் மனிதன், அந்தப்புறம் நிற்பவன் மனிதனுக்குச் சற்றுக் குறைந்தவன் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கமும் நம்மிடம் வெகு காலமாக இருந்து வருகிறது. இதை அறிந்துகொள்ளத் தொலைதூர தேசங்களுக்குப் போக வேண்டியதில்லை. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் இருக்கிற எங்கள் படப்பையில், ஒரு நாள் விடியற்காலை தொடங்கி இரவு வரையில் காதைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தால் போதும்.

விடிந்ததும் டீக்கடைகளிலும் ஷேர் ஆட்டோக்களிலும் இளையராஜா ஒலிக்கிறார். 1976-ல் ‘அன்னக்கிளி’யோடு வந்தவர் இந்தச் சாலையின் ஓட்டுநர்களை இன்னும் விட்டுப் போகவில்லை. ஏழரை மணிக்கு மேல் தாம்பரம் போகும் அரசுப் பேருந்தின் பின்வாசலில் கானா எழுகிறது. பாடுகிறவர்கள் நந்தனத்துக்கும் சேப்பாக்கத்துக்கும் சேத்துப்பட்டுக்கும் படிக்கப் போகும் பிள்ளைகள். பேருந்தின் தகரச் சுவர்தான் அவர்களுடைய வாத்தியம். அதே நேரத்தில் அதே சாலையில் எதிர்த்திசையில் ஓடுகிற தனியார் பொறியியல் கல்லூரிப் பேருந்துகளில், கழுத்தில் அடையாள அட்டையும் காதில் இயர்போனுமாக அமர்ந்திருக்கிற பிள்ளைகள், ஆங்கில ராப்பையோ கொரியப் பாட்டையோ அவரவர் தனிமையில் கேட்டபடி போகிறார்கள். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டதும், அதைத் தொடர்ந்து டெய்ம்லரும் ராயல் என்பீல்டும் வந்ததும், வேலை தேடி வடக்கிலிருந்து வந்து ஓர் அறையில் பலராகத் தங்கியிருக்கிற பீகார், ஒடிசா இளைஞர்கள், ஷிப்டு முடிந்த மாலைகளில் தங்கள் கைப்பேசிகளில் போஜ்புரிப் பாட்டையும் ஒடியாப் பாட்டையும் வைக்கிறார்கள். ஆடி பிறந்துவிட்டால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஒலிபெருக்கியின் பலத்தால் இவை அனைத்தையும் மூடிவிடும். நடுவில் எந்த நேரத்திலும் ஒரு சாவு ஊர்வலம் மேளத்தோடும் பூமழையோடும் இந்தச் சாலையைக் கடக்கலாம்.

இத்தனை ஒலிகள் ஒரே சாலையில் பக்கம் பக்கமாக வாழ்வதை நான் ஓர் ஐசுவரியமாகவே கருதுகிறேன். ஆனால் இவற்றைக் கேட்கிற இளைஞர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் கொண்டிருக்கிற அபிப்பிராயங்களைக் கேட்கும்போது மனம் சோர்ந்து போகிறது. கானா பாடுகிறவன் ‘லோக்கல்’. அவனே காதோர முடியை ஒட்ட வழித்து உச்சியில் செம்பட்டைச் சாயம் ஏற்றிக்கொண்டுவிட்டால் ‘புள்ளிங்கோ’. ஆங்கிலப் பாட்டுக் கேட்கிறவனை அவன் பதிலுக்குப் ‘பீட்டர்’ என்கிறான். இவ்விருவரும் ஒத்துப்போகிற ஒரே இடம், போஜ்புரி கேட்கிறவனை ‘வடக்கன்’ என்று ஒதுக்குகிற இடம். சுருதி சேரவில்லை, தாளம் பிசகுகிறது, சொல் கருத்தோடு பொருந்தவில்லை என்று இவர்களில் ஒருவரும் மற்றவருடைய பாட்டைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. தலைமுடி, சட்டை, பைக், ஊர், வீடு இருக்கிற தெரு ஆகிய இவற்றைப் பற்றித்தான் பேச்சு முழுவதும். பாட்டு ஓர் அடையாளக் குறியாக மட்டும் பயன்படுகிறது. அந்தக் குறியைக் கண்டதும் அதன் பின்னால் இருக்கிற மனிதனை இன்ன வீட்டவன், இன்ன ஜாதியான், இன்ன விதமாகத்தான் நடந்துகொள்வான் என்று தீர்மானித்துவிடுகிறார்கள்.

இந்தத் தீர்மானங்களின் பாரத்தை அதிகமாகச் சுமப்பது கானா. வடசென்னையில், துறைமுகத்திலும் மில்களிலும் உழைத்த, பெரும்பாலும் தலித் மக்களின் குடியிருப்புகளில் வளர்ந்த பாட்டு அது. சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய கட்டாயத்தில், இறந்தவனுடைய குணங்களையும் இருக்கிறவர்களுடைய கதியையும் ஒரே மூச்சில் பாடுகிற மரண கானாவைக் கேட்டவர்கள், நிலையாமையைப் பற்றித் தமிழில் இதற்குமேல் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்றே எண்ணுவார்கள். சித்தர் பாடல்களின் சாயலையும் முஸ்லிம் பக்கீர்களின் பாட்டின் சாயலையும் அதில் அடையாளம் காண்கிறவர்கள் உண்டு. தேவா 1990-களில் அதைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் பாடினார், 2012-ல் பா. ரஞ்சித்தின் முதல் படமான ‘அட்டகத்தி’யில் கானா பாலா பாடினார். நகரத்தின் ஓரத்திலிருந்து பேருந்தேறிக் கல்லூரிக்குப் போகிற ஓர் இளைஞன் ‘ரூட்டு தல’ ஆவதைக் காட்டிய அந்தப் படத்தைப் பார்த்தபோது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தங்களையே திரையில் கண்டார்கள். கல்யாண வரவேற்பில் கானாவுக்கு ஆடாத குடும்பம் இன்று தமிழ்நாட்டில் அபூர்வம். ஆனால் மண்டபத்தில் அதற்கு ஆடிவிட்டு வந்த அதே பெரியவர், மறுநாள் காலையில் பேருந்தின் பின்வாசலில் அதே பாட்டைக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்; சினிமாவின் வழியாக வரும்போது ரசிக்கத் தகுந்ததாக இருந்த பாட்டு, அது பிறந்த வாயிலிருந்து நேராக வரும்போது அநாகரிகமாகிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபத்தை எதிர்கொள்ள வேண்டும். பேருந்துப் பாட்டோடு கத்தியும் வருகிறதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்பார்கள்; கேட்க வேண்டியதுதான். சென்னையின் பழைய கல்லூரிகளில் படிக்கிற மாணவர்களிடையே, வருகிற பேருந்துத் தடத்தையும் ரயில் பாதையையும் வைத்துக் கூட்டம் பிரிவதும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ‘தல’ இருப்பதும், தன் கல்லூரியையும் தன் ரூட்டையும் தன் தலையையும் புகழ்ந்து கட்டிய கானாவை ஃபுட்போர்டில் தொங்கியபடி பாடிக்கொண்டு போவதும், எதிர்க் கூட்டத்தைக் கண்டால் அந்தப் புகழ்ச்சி வசையாக மாறுவதும், வசை கைகலப்பாக மாறுவதும் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. ‘பஸ் டே’ என்னும் கொண்டாட்டத்தை நீதிமன்றம் தடை செய்த பின்னும், 2019 ஜூன் மாதத்தில் ஓடும் பேருந்தின் கூரையில் ஏறி ஆடிய மாணவர்கள், வண்டி திடீரென்று நின்றபோது கொத்தாகச் சாலையில் விழுந்ததை ஊரே படமாகப் பார்த்தது. அடுத்த மாதமே அரும்பாக்கத்தில், மாநகரப் பேருந்தில் வந்த பச்சையப்பன் கல்லூரி மாணவர்களை அதே கல்லூரியின் வேறொரு ரூட்டைச் சேர்ந்த மாணவர்கள் பட்டாக்கத்திகளோடு துரத்தி வெட்டினார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் கடுமையாகத் தாக்கப்பட்டுச் சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். அந்தப் பிள்ளையின் பெற்றோர் அடைந்த துக்கத்துக்கு முன்னால் எந்த விளக்கமும் சமாதானமாகாது. அதைக் குறைத்துப் பேசுகிற நோக்கமும் எனக்கு இல்லை.

எங்களூருக்குச் சில மைல் தூரத்தில் இருக்கிற மணிமங்கலத்தில்தான் ஏழாம் நூற்றாண்டில் பல்லவ நரசிம்மவர்மனும் சாளுக்கியப் புலிகேசியும் மோதினார்கள். அந்தப் பகைக்கு நிலம் இருந்தது, சிம்மாசனம் இருந்தது, பழிவாங்க வேண்டிய முந்தைய தோல்வி இருந்தது. இந்தப் பிள்ளைகளின் பகைக்கு என்ன இருக்கிறது? மாநிலக் கல்லூரி 1840-ல் தொடங்கியது. பச்சையப்பன் 1842-ல் தொடங்கியது. ஒன்றில் சி.வி. ராமன் படித்தார், மற்றதில் கணிதமேதை ராமானுஜனும் பிற்காலத்தில் அண்ணாவும் படித்தார்கள். இன்று இரண்டிலும் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். கும்மிடிப்பூண்டி, திருத்தணி, அரக்கோணம், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் நகரத்தின் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்கள். ஒரே விதமான வீடு, ஒரே விதமான பஸ் பாஸ், ஒரே விதமான முடிவெட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே பாட்டு. பல்லவியில் கல்லூரியின் பெயரையும் ரூட்டின் எண்ணையும் மாற்றிவிட்டால் இந்தக் கூட்டத்தின் கானா அந்தக் கூட்டத்தின் கானாவாகிவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். நம் நகரத்தில் கத்தியெடுத்து மோதிக்கொள்கிறவர்கள் ஒரே பாட்டைப் பாடுகிறவர்கள். வேறு வேறு பாட்டுகளைக் கேட்கிறவர்கள் மோதிக்கொள்வதே இல்லை, ஏனென்றால் அவர்கள் சந்தித்துக்கொள்வதே இல்லை. பொறியியல் கல்லூரிப் பேருந்தும் அரசுப் பேருந்தும் மண்ணிவாக்கத்து நெரிசலில் ஜன்னலோடு ஜன்னல் உரச நிற்கிற சில நிமிடங்களில் இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் சம்பந்தம். ரத்தம் சிந்துகிற பகைக்குச் சங்கீத ரசனை காரணம் அல்ல. சங்கீத ரசனையால் விளைகிற பகையோ இங்கே ரத்தம் சிந்துவதில்லை, அது வேலைக்கான நேர்காணலிலும் வாடகைக்கு வீடு பார்க்கிற இடத்திலும் காவல் நிலையத்தின் வாசலிலும் சத்தமில்லாமல் தன் காரியத்தைச் செய்துகொள்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான், கத்தியைக் கண்டிக்கப் புறப்பட்ட நாம் பாட்டையும் முடியையும் தண்டித்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

தண்டிக்கிறோம் என்று நான் சொல்வது வெறும் பேச்சல்ல. பள்ளிக்கூட வாசலில் நிற்க வைத்துப் பையன்களின் முடியைக் கத்தரிப்பதும், இன்ன விதமாக வெட்டாதீர்கள் என்று முடிதிருத்துகிறவர்களுக்கு உத்தரவு போடுவதும், சாயம் போட்ட தலையோடு பைக்கில் போகிறவனை அந்தத் தலைக்காகவே நிறுத்தி விசாரிப்பதும் தமிழ்நாட்டில் சகஜமாகிவிட்டன. 2019 அரும்பாக்கம் சம்பவத்துக்குப் பிறகு ரூட்டு தலைகளைப் பட்டியலிட்டு அழைத்து நன்னடத்தைக்கு எழுதி வாங்கிய போலீஸாரின் காரியத்தில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் கைதான இளைஞர்கள் கையில் மாவுக்கட்டோடு நிற்கிற படங்கள் வந்தபோது, படித்தவர்கள், சாந்தமானவர்கள், என் வயதை ஒத்தவர்கள் அதைப் பகிர்ந்துகொண்டு சந்தோஷப்பட்டதை என்னால் மறக்க முடியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வெட்டுப்பட்ட மாணவனைப் பற்றிய கரிசனம் எவ்வளவு இருந்தது, ‘இந்த மாதிரிப் பையன்கள்’ மீது முன்பிருந்தே இருந்த வெறுப்பு எவ்வளவு இருந்தது என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதே விஷயம் வேறு தேசத்தில் வேறு உருவத்தில் நடந்திருக்கிறது. 1964-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையிலும், மே மாதத்தில் பிரைட்டனிலும், மோட்ஸ் என்றும் ராக்கர்ஸ் என்றும் அழைக்கப்பட்ட இரு இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொண்டன. ஒரு சாரார் இறுக்கத் தைத்த சூட்டும் ஸ்கூட்டரும் அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசையுமாக இருந்தவர்கள். மற்றவர்கள் தோல் சட்டையும் மோட்டார் சைக்கிளும் பழைய ராக் அண்ட் ரோலுமாக இருந்தவர்கள். இரு சாராரிலும் பெரும்பாலோர் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். ஸ்டான்லி கோஹென் என்னும் சமூகவியல் அறிஞர் இதை ஆராய்ந்து 1972-ல் எழுதிய நூலில், நடந்த சேதத்தைப் பத்திரிகைகள் எவ்வளவு பெரிதாக்கின என்பதையும், அந்தப் பெரிதாக்கிய சித்திரத்தைப் பார்த்துத்தான் இரு கூட்டங்களின் எல்லைகளும் முன்னிலும் கடினமாயின என்பதையும் காட்டினார். நம் தொலைக்காட்சிகள் ஒரே கண்காணிப்புக் கேமராக் காட்சியை நாள் முழுவதும் சுழற்றிச் சுழற்றிக் காட்டும்போதெல்லாம் அந்த நூல் என் நினைவுக்கு வருகிறது. ரூட்டு தல என்னும் பட்டத்துக்கு இவ்வளவு ‘கெத்து’ வந்ததில் அந்தக் கேமராவுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆயினும் மோட்ஸ்–ராக்கர்ஸ் கதையைவிட, 1979 ஜூலை 12 அன்று சிகாகோவில் நடந்ததே நமக்கு நெருங்கிய பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது. டிஸ்கோ இசையை வெறுத்த ஒரு வானொலி அறிவிப்பாளர், ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவருகிறவர்களுக்கு 98 சென்ட் கட்டணத்தில் பேஸ்பால் மைதானத்தில் இடம் என்று அறிவித்து, இரண்டு ஆட்டங்களின் இடைவேளையில், சேர்ந்த இசைத்தட்டுகளை மைதானத்தின் நடுவில் வெடிவைத்துத் தகர்த்தார். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அன்று அங்கே இருக்கை காட்டுகிற வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், ஜனங்கள் எறிந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத, கறுப்பர்கள் பாடியது என்பதைத் தவிர வேறொரு குற்றமும் செய்யாத தட்டுகள் இருந்ததைப் பிற்காலத்தில் எடுத்துச் சொன்னார். அவரே பின்பு அந்நகரத்தில் பிறந்த ஹவுஸ் இசையின் முன்னோடிகளில் ஒருவரானார். ராகத்தின் மீது துவேஷம் என்று தொடங்குவது எப்போதும் தோலையும் தெருவையும் தேடிக்கொண்டு போய்ச் சேர்கிறது. 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பேக்கப் என்னும் சிற்றூரின் பூங்காவில், காத் இசை ரசிகர்களைப் போலக் கறுப்பு உடையும் ஒப்பனையும் அணிந்திருந்தாள் என்பதற்காகவே சோஃபி லங்காஸ்டர் என்னும் இருபது வயதுப் பெண் இளைஞர் கும்பலொன்றால் அடித்துக் கொல்லப்பட்டாள். அதன் பிறகு, 2013-ல், மான்செஸ்டர் வட்டாரக் காவல்துறை இத்தகைய இசை ரசிகர் குழுவினர் மீதான தாக்குதலை வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்யத் தொடங்கியது. உடையையும் பாட்டையும் காரணமாகக் கொண்ட வெறுப்பை வெறுப்பு என்றே பதிவேட்டில் எழுதத் துணிந்த அந்த நிர்வாகத்தை நான் மதிக்கிறேன்.

நம்முடைய பெரியவர்கள் இந்த விஷயத்தில் இளைஞர்களைக் குறை சொல்ல எழும்போது, தங்கள் தலைமுறையின் சரித்திரத்தையும் சற்று நினைத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பாட்டுகளுக்குக் கச்சேரியில் உரிய இடம் வேண்டும் என்று அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய இயக்கத்தில் 1943-ல் தமிழிசைச் சங்கம் தோன்றியபோது, சென்னையின் சபா உலகம் எவ்வளவு கசப்போடு இரண்டாகப் பிரிந்தது! 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதைக் கட்டுப்படுத்தினார். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள். 1957-ல் விவித பாரதியைத் தொடங்கி அரசாங்கமே இறங்கி வர வேண்டியிருந்தது. அன்று கீழானது என்று விலக்கப்பட்ட அந்தச் சினிமாப் பாட்டுகளைத்தான் இன்றைய தாத்தாக்கள் ‘அந்தக் காலத்துப் பாட்டு’ என்று கண் மூடிக் கேட்டுவிட்டு, பேரன் கேட்பதை இரைச்சல் என்கிறார்கள். 1992-ல் ‘ரோஜா’வோடு வந்த ரஹ்மானை முன்வைத்து இளையராஜா ரசிகர்கள் நடத்திய சண்டைகளும் இந்த வகைதான், அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இன்று இரு தரப்பும் சேர்ந்து அனிருத்தைக் கண்டித்துக்கொண்டிருக்கின்றன.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசமானது. 2024 ஜனவரியில், கரூர் மாவட்டத்தின் ஒரு கிராமத்தைச் சேர்ந்த மூன்று பள்ளிச் சிறுமிகள், பி.டி.எஸ். என்னும் கொரியப் பாடகர் குழுவைப் பார்க்கப் போகிறோம் என்று கையிலிருந்த சேமிப்போடு வீட்டை விட்டுக் கிளம்பி, காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். அவர்கள் பத்திரமாகத் திரும்பியதை எண்ணி ஆறுதல் கொள்வதற்குப் பதிலாகத் தமிழ்நாடு சிரித்தது. ஒரு நடிகனின் கட்-அவுட்டுக்குப் பாலூற்ற ஏறி விழுகிற வாலிபனை ‘வெறித்தனமான ரசிகன்’ என்று ஒருவித வாஞ்சையோடு சொல்கிற நாக்கு, பதின்மூன்று வயதுச் சிறுமிகளின் ஆசையைப் பைத்தியம் என்று சொன்னது. பாஷை தெரியாத ஒரு தேசத்துப் பாட்டில், தங்கள் கிராமமும் பள்ளியும் தராத எதைக் கண்டு அந்தப் பிள்ளைகள் புறப்பட்டார்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

கானாவிலும் குற்றமுண்டு, அதை மறைத்து வாதாடுவது கானாவுக்கு நான் செய்யும் மரியாதையாகாது. பெண்களை இழிவாகப் பேசுகிற கானாக்கள் ஏராளம். சிறுமியரைப் பற்றி ஆபாசமாகப் பாடியதற்காக 2021-ல் ஒரு பாடகர் கைது செய்யப்பட்டார். கத்தியையும் சிறைவாசத்தையும் பெருமையாகப் பாடுகிறவையும் இணையத்தில் லட்சக்கணக்கானவர்களைச் சேருகின்றன. ஆனால் இந்தத் தோஷங்களைத் திருத்தியவர்களும் கானாவுக்குள்ளிருந்தே வந்தார்கள். ஆண்களின் குரலாகவே இருந்த கானாவில் இசைவாணி என்னும் வடசென்னைப் பெண் பாட வந்து, 2020-ல் பி.பி.சி. தேர்ந்தெடுத்த உலகின் நூறு பெண்களில் ஒருவரானார். அவர் பாடிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அதன் முதல் கச்சேரி நடந்தது. அயோத்திதாச பண்டிதர் நூறாண்டுக்கு முன் எழுப்பிய ‘சாதி பேதமற்ற’ என்ற குரலைத் தன் பெயரிலேயே தாங்கிய அந்தக் குழுவில், ராக் கிதாரும் டிரம்ஸும் ராப்பும் கானாவும் பறையும் ஒரே மேடையில் நின்றன. ‘பீட்டர்’ என்று ஒருவனும் ‘லோக்கல்’ என்று மற்றவனும் வசைபாடிக்கொண்டிருந்த இரு இசைகள், ஒன்றுக்கு ஒன்று தாளம் கொடுத்ததை அன்றுதான் இந்நகரம் பெரிய அளவில் கேட்டது. அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பே டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் தெருவிலேயே மேடை போட்டுக் கர்நாடக சங்கீதத்தையும் பறையையும் ஒரே சபைக்கு முன் வைத்திருந்தார்கள்.

இவை எல்லாம் மேடை கிடைத்ததால் நடந்தவை. இந்த மேடை என்ற விஷயத்தில்தான் எங்கள் சாலையில் கண்கூடான ஓர் அநீதி இருக்கிறது. தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ‘கல்ச்சுரல்ஸ்’ உண்டு. ஒளிவிளக்கும் ஒலியமைப்பும் பெரிய பாடகர்களின் வருகையும் உண்டு. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் ‘டீப்வுட்ஸ்’ உண்டு, ஐ.ஐ.டி.யில் ‘சாரங்’ உண்டு. அங்கெல்லாம் மேற்கத்திய வாத்தியக் குழுக்களுக்குப் போட்டியும் பரிசும் உண்டு. அந்தப் பிள்ளைகள் தங்கள் கல்லூரியின் பெருமையை, இன்னொரு கல்லூரியைத் தோற்கடிக்கிற ஆவேசத்தை, தன் கூட்டத்தின் தலைவன் என்ற கௌரவத்தை அந்த மேடைகளில் தீர்த்துக்கொள்கிறார்கள். அதே வயதும் அதே ஆவேசமும் உள்ள அரசுக் கல்லூரி மாணவனுக்கு அவன் இசைக்கென்று உள்ள மேடை எது? அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் பாடிப் பரிசு வாங்கிய பையன் கல்லூரியில் சேர்ந்து பேருந்தேறிய நாளிலிருந்து, அவனுக்குக் கிடைக்கிற மேடை ஃபுட்போர்டு, கிடைக்கிற சபை எதிரே நிற்கிற இன்னொரு ரூட்டு, கிடைக்கிற பரிசு ‘தல’ என்ற பட்டம். அந்தப் பட்டத்தைப் பாட்டால் காக்க முடியாத அன்றைக்குக் கத்தி வருகிறது. கத்தி எடுத்தவனைச் சட்டம் தண்டிக்கட்டும். ஆனால் வருஷத்துக்கு ஒரு நாளாவது, இரு கல்லூரிகளின் கானாக் கூட்டங்களும், கானா பாடி வயதானவர்களையே நடுவர்களாக வைத்து, கல்லூரி மண்டபத்தில் மோதிக்கொள்ள ஏற்பாடு செய்ய எவ்வளவு பணம் ஆகிவிடும்? இரண்டு ஒலிபெருக்கியும் ஒரு டோலக்கும் ஒரு பகல் நேரமும் தவிர வேறென்ன வேண்டும்? அந்த மண்டபத்துக்குப் பொறியியல் கல்லூரியின் வாத்தியக் குழு ஒன்றையும் அழைத்தால், மண்ணிவாக்கத்து நெரிசலில் ஜன்னல் வழியே மட்டும் பார்த்துக்கொண்டவர்கள் ஒரு நாளாவது ஒரே கூரையின் கீழ் உட்காருவார்கள்.

கல்லூரிகளை அசைக்க நம்மால் ஆகாது என்றால், ஊரிலேயே தொடங்கலாம். ஆடி மாதத்தில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது மூன்று இரவுகள் மேடை போடுகிறார்கள். வெளியூர் மெல்லிசைக் குழுவுக்கு ஆகிற செலவு எல்லோருக்கும் தெரியும். அதில் ஓர் இரவைத் தாம்பரம் பேருந்தில் பாடிப் போகிற நம் பிள்ளைகளுக்கும், கிதார் கற்றுக்கொண்டு மொட்டை மாடியில் தனியாக வாசித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதே இரவில் ஒரு மணி நேரம், இங்கே அறையெடுத்துத் தங்கி நம் கடைகளில் அரிசி வாங்குகிற பீகார் இளைஞர்களும் தங்கள் ஊர்ப் பாட்டைப் பாட வேண்டும். இவ்வருஷம் வசூல் நோட்டு எங்கள் வீட்டுக்கு வரும்போது, நன்கொடையோடு இந்த விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். விழாக் குழுவில் இருக்கிறவர்களில் பலர் அந்தப் பேருந்துப் பிள்ளைகளின் தகப்பன்மார்கள்; வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் அவர்களே.